மருந்து குடிக்கப் போறன் என்று சொன்ன மகனுக்கு

தம்பி, இதை நீ எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க ஒரு முழுப் பின்னேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நாலாம் ஆண்டோடு நீ நின்றுவிட்டாய். நான் ஊரில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அந்தக் கணக்கில் உன்னைவிட நான் இரண்டு வகுப்பு மேலே, ஆகவே மரியாதையாக வாசி. விளங்காத சொல் வந்தால் அம்மாவிடம் கேள். அம்மா பத்தாம் வகுப்பு பாஸ். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அதைச் சொல்லிக் காட்டாமல் ஒரு நாள்கூட விட்டதில்லை.

இதை எங்கள் ஊர்ச் சங்க மலருக்கும் கொடுக்கப் போகிறேன். உன்னிடம் கேட்டேன், "போடுங்கோ அப்பா, எனக்கென்ன" என்றாய். உனக்கு ஒன்றுமில்லைதான், எனக்குத்தான் கொஞ்சம் இருக்கிறது. பதினைந்து வருடமாக இங்கே மொன்றியலில், டொலார்ட் கோவில் வாசலில் யார் கேட்டாலும், மகனுக்குக் கவர்ன்மென்டில் கணினி வேலை என்று சொல்லி வந்தவன் நான். கணினிக்காரனுக்கு ஏன் தலைமயிரை இப்படி ஒட்ட வெட்டியிருக்கிறது என்று ஒருவர் கேட்டபோது, கணினி சூடு என்று சொல்லிவிட்டேன், அவரும் நம்பினார். நம் ஊரில் "ஆமி" என்று யாராவது சொன்னால், சொன்னவனே அந்தச் சொல் முடிய முதல் ஓடத் தொடங்கிவிடுவான். அப்படி ஓடி ஓடி மொன்றியல் வரை வந்தவன், பிள்ளையைப் பெற்று, பால் கொடுத்து, ஹொக்கி பழக்கி, கடைசியில் ஆமிக்கு அனுப்பினான் என்றால் சனம் என்ன சொல்லும்? ஆகவே இன்றைக்கு இந்த மலரிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் கனடா ஆமியில் எட்டு வருடம் இருந்தவன். ஆப்கானிஸ்தானுக்குப் போய் வந்தவன். வந்த பிறகு ஒழுங்காக நித்திரை கொள்ளாதவன். கணினியில் அவனுக்குத் தெரிந்தது படம் பார்ப்பது மட்டும்தான்.

இனிப் போன கிழமை நடந்ததற்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம், ரொக்ஸ்பரோவில் எங்கள் பீட்சாக் கடைக் குசினியில் கறிமிளகாய் வெட்டிக்கொண்டு நின்றேன். கையைத் துடைத்துவிட்டுப் போனைப் பார்த்தால் உன் குரல் பதிவாகிக் கிடந்தது. "அப்பா, நான் வியாழக்கிழமை மருந்து குடிக்கப் போறன். நீங்கள் வந்து ஒரு கையெழுத்து வைக்கோணும். முடிஞ்ச பிறகு என்னைக் கொண்டுபோகவும் ஒரு ஆள் வேணும். அம்மாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ." இவ்வளவுதான். சாமான் வாங்கச் சொல்வது போல அமைதியாகச் சொல்லியிருந்தாய்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை. உனக்கு எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் நாலாம் ஆண்டுப் புத்தகத்தில் இது இல்லை. வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கிற நஞ்சை நாங்கள் நஞ்சு என்று சொல்வதில்லை, மருந்து என்போம். காய்ச்சலுக்கு டொக்டர் தருவதும் மருந்துதான். ஆனால் டொக்டர் தந்ததை "மருந்து எடுத்தான்" என்போம். "மருந்து குடித்தான்" என்று ஒரு வீட்டிலிருந்து செய்தி வந்தால், மற்ற வீட்டுக்காரர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். எடுப்பதற்கும் குடிப்பதற்கும் நடுவில் என்ன கிடக்கிறது என்று உனக்கு நான் ஒருநாளும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரும் சொல்லா அது?

ஏப்ரனோடேயே காரை எடுத்தேன். எந்த வெளிச்சம் சிவப்பு, எது பச்சை என்று பார்த்த ஞாபகம் இல்லை. நீ இருக்கிற இல் பிசார் தீவுக்குப் போகும் பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு கிழவர் ஆற்றைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். அவரை நான் தமிழில் பேசிய பேச்சுக்கு எனக்கு இன்னொரு பிறவியில் தண்டனை உண்டு. உன் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். நீ வாயில் கரண்டியோடு, கையில் பாலும் கோர்ன்பிளேக்ஸுமாக வந்து திறந்தாய்.

"என்ன அப்பா, ஏன் கதவை உடைக்கிறியள்? பெல் இருக்கல்லோ?"

"குடிச்சிட்டியோ?"

"என்னத்தை?"

"மருந்தையடா!"

"வாற கிழமை வியாழக்கிழமை அப்பா. அதுக்கு இன்னும் ஒன்பது நாள் கிடக்கு."

நான் உன் தாடையைப் பிடித்து வாயை மணந்து பார்த்தேன். பால் மணம்தான். அப்படியே படியில் இருந்துவிட்டேன். நீ பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாய். விஷயம் விளங்கியதும் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டு மனுசி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். பிறகு நீ அந்த மருந்து என்ன மருந்து என்று சொன்னாய். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"காளானிலை இருந்து எடுக்கிறது அப்பா. சிலோசிபின் எண்டு பேர்."

"சிலோன்காரன்ரை பிள்ளைக்குச் சிலோசிபின். நல்லாப் பொருத்தம் பாத்திருக்கிறாங்கள். அதைச் சாப்பிட்டா என்ன நடக்கும்?"

"அஞ்சாறு மணித்தியாலம் வேறை மாதிரி எல்லாம் தெரியும். மனசுக்குள்ளை அமுங்கிக் கிடக்கிறது மேலை வரும். ரெண்டு பேர் பக்கத்திலை இருப்பினம்."

"நான் முப்பது வருசமா ஒரு நாளைக்கு ஒரு பெட்டி காளான் வெட்டுறன். என்ரை காளானைத் திண்டு ஒருத்தனுக்கும் ஒண்டும் மேலை வந்ததில்லை, வந்தாலும் கழுவினது நான்தான். ஆர் இதைக் குடுக்கிறது? ஆமியோ?"

"ஆஸ்பத்திரி."

"ஆமி சொல்லித்தானே?"

"இல்லையப்பா. ஆமியிலை இருந்து வந்த நாங்கள் கேட்டு. இன்னும் கன பேருக்குக் கிடைக்கோணும் எண்டு ஒட்டாவா கவர்ன்மென்டுக்குக் கடிதம் எழுதினதிலை நானும் ஒருத்தன்."

மற்ற எல்லாம் செய்து பார்த்தாயிற்று என்றாய். விழுங்குகிற குளிசை மூன்று விதம், கதைத்துக் குணமாக்குவது இரண்டு வருடம். இந்த மருந்து இன்னும் எல்லோருக்கும் பொதுவில் இல்லை, ஒவ்வொருவருக்கும் டொக்டர் தனியாக அனுமதி கேட்டு வாங்க வேண்டும், அதற்குள் மாதக்கணக்கில் போய்விடும் என்றாய். உன்னோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன் ஒருவன் அப்படிக் காத்திருந்தபோதே போய்விட்டான் என்றும் சொன்னாய். எப்படிப் போனான் என்று நான் கேட்கவில்லை. "இது சோதனை மருந்து, உன்னை வைச்சு விளையாடிப் பாக்கிறாங்கள்" என்று கத்தினேன். அப்போது நீ ஒன்று கேட்டாய். "நீங்கள் இருபது வருசமா டெபனர்க் கடையிலை பியர் வாங்கி ஒவ்வொரு நாளும் சோதனை செய்தியளே, அதுக்கு ஆரிட்டைக் கையெழுத்து வாங்கினியள்?" நீ நீட்டிய காகிதங்களைச் சுருட்டி ஏப்ரன் பைக்குள் செருகிக்கொண்டு, கோபத்தோடு போய்விட்டேன்.

என் சந்தேகத்தை நீ படிக்காதவன் பயம் என்று நினைக்காதே. சோதனை என்றால் எனக்கு மூன்று தெரியும். பள்ளிக்கூடத்தில் வைப்பது, தெருச் சென்ரியில் ஆமிக்காரன் மறித்து இறக்கி உடம்பைத் தடவுவது, கடவுள் தருவது. மூன்றில் ஒன்றிலும் நான் பாஸ் பண்ணியதில்லை. இப்போது நாலாவதாக நீ ஒன்று கொண்டுவருகிறாய். எனக்குள்ள கேள்வி இதுதான்: ஏன் முதலில் உங்களுக்கு? ஒட்டாவாவில் கோட்டுப் போட்டிருக்கிறவர்களுக்கும் நித்திரை வராதுதானே, அவர்கள் முதலில் சாப்பிட்டுப் பார்க்கட்டுமே. வெடி கிடக்கும் தெருவில் உங்களைத்தான் முன்னுக்கு விட்டார்கள். இப்போது என்ன செய்யும் என்று முழுக்கத் தெரியாத மருந்துக்கும் உங்களைத்தான் முன்னுக்கு விடுகிறார்களோ என்று ஒரு தகப்பன் யோசிக்கக் கூடாதா? நீங்கள் கேட்டதால் தருகிறார்கள் என்கிறாய். இருக்கலாம். தாகம் எடுத்தவன் எந்தத் தண்ணீரையும் கேட்பான். கொடுக்கிறவன் அல்லவா அதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கதவை அகலமாகத் திறவுங்கள் என்று நீங்கள் எழுதினீர்கள். அகலமாகத் திறக்கிற கதவால் நல்லவனும் வருவான், விற்க வருகிறவனும் வருவான்.

அந்தக் காகிதம் பதினாலு பக்கம், பிரெஞ்சிலும் இங்கிலீசிலும். கடையில் சலாட் பக்கம் நிற்கிற ஜினெத்தைத் தெரியும்தானே, உனக்குச் சின்ன வயதில் ஒலிவ் காய் தந்து பழக்கியவள். அவளிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து, கால் வலிக்க நின்று, பதினாலு பக்கமும் வாசித்தாள். பிறகு எனக்கு விளங்கும் குசினிப் பிரெஞ்சில் தன் சின்னம்மாவின் கதையைச் சொன்னாள். முந்திய காலத்தில் கவலை கூடிப்போனதென்று அந்த மனுசியை ஓர் ஆஸ்பத்திரியில் விட்டார்களாம். என்ன மருந்து என்று சொல்லாமலே கொடுத்து, நாள்கணக்கில் நித்திரையாக வைத்திருந்து அனுப்பினார்களாம். வீட்டுக்கு வந்த மனுசிக்குத் தான் பெற்ற பிள்ளையின் பெயர் தெரியவில்லையாம். பார்த்தாயா, நான் சொன்னது சரி என்று நான் மேசையில் தட்டினேன். ஜினெத் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ ஏன் சந்தோசப்படுகிறாய்? என் சின்னம்மாவிடம் ஒருவரும் கையெழுத்துக் கேட்கவில்லை. பதினாலு பக்கம் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி அறைக்கு வெளியே ஓடையில் ஒருவரும் காத்திருக்கவுமில்லை. உன் மகன் உன்னைக் கேட்டிருக்கிறான், முட்டாளே."

முட்டாள் என்பதற்கு அவள் சொன்ன பிரெஞ்சுச் சொல்லை மலரில் போட முடியாது.

வெள்ளிக்கிழமை உன்னோடு அந்த டொக்டரைப் பார்க்க வந்தேன். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு, காலில் சப்பாத்துக்கூட ஓடுகிற சப்பாத்து. நான் கேட்டதை எல்லாம் நீ இனிப்புத் தடவித்தான் மொழிபெயர்த்தாய், எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. "இவனுக்கு ஏதாவது மாறி நடந்தா ஆரைப் பிடிக்கிறது?" என்று நான் கேட்டதை நீ "அப்பா கொஞ்சம் யோசிக்கிறார்" என்று சொன்னாய். அந்தளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும். அவள் கோபிக்கவில்லை. உன் இதயத்தைச் சோதித்தது, பழைய குளிசைகளை மெல்ல மெல்ல நிறுத்தியது, முன்னுக்கு எத்தனை நாள் கதைப்பார்கள், பின்னுக்கு எத்தனை நாள் கதைப்பார்கள் என்று எல்லாம் சொன்னாள். சில பேருக்கு அந்த நேரத்தில் நல்லாய்ப் பயம் பிடிக்கும் என்றாள். அதை மறைக்கவில்லை. கடைசியில் நான் நேரே கேட்டேன், இது என் மகனுக்குச் சுகம் தருமா என்று. "தெரியாது" என்றாள். "சில பேருக்குத் தந்திருக்கிறது. உங்கள் மகனுக்குத் தருமா என்று எனக்குத் தெரியாது." இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் தெரியாது என்று என்னிடம் சொன்ன முதல் டொக்டர் அவள்தான். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அது நல்ல தெரியாதா, கெட்ட தெரியாதா என்று நான் மண்டையை உடைத்தேன். இன்னும் முடிவு தெரியவில்லை.

ஆனால் தம்பி, நான் இதை எழுத உட்கார்ந்தது டொக்டரைப் பற்றிச் சொல்ல இல்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவன் நான். கடையில் பால் வாங்கினாலும் திகதியைப் பார்த்து, மணந்து பார்த்து, அம்மாவுக்கு முதலில் கொடுத்துப் பார்த்துத்தான் குடிப்பேன். அப்படிப்பட்டவன் செவ்வாய்க்கிழமை உன் குரலைக் கேட்டபோது, பிள்ளை சொல்லை மாற்றிச் சொல்கிறானோ என்று ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும். உன் தமிழ் எனக்குத் தெரியாதா? ஐயரிடம் போய், வந்திட்டீங்களோ என்பதை "நீங்கள் வெந்திட்டீங்களோ" என்று கேட்டவன் நீ. யோசிக்கவில்லை. கேட்ட உடனே நம்பினேன். ஏன் நம்பினேன் என்றால், நீ அப்படிச் செய்யக் கூடும் என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எத்தனையோ மாதமாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு உனக்குப் பகிடி விட்டுக்கொண்டு இருந்தேன்.

உன் பெரியப்பா வயிற்றுவலியில் செத்தவர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவும் கணினி வேலை மாதிரி ஒரு கதைதான். அவரை ஆமி பிடித்துக்கொண்டு போய் ஆறு மாதம் அடைத்து வைத்திருந்துவிட்டு விட்டார்கள். வந்த மனுசன் ஒரு மூலையில் இருந்தபடியே இருந்தார். எனக்குப் பத்தொன்பது வயது, வீட்டில் கோமாளி வேலை என்னுடையது. அன்றைக்குக் காலமையும், "அண்ணை, உள்ளுக்கை வெயில் இல்லைப் போலை, ஆள் நல்ல வெள்ளையா வந்திருக்கிறியள், பொம்பிளை பாப்பமோ?" என்று கேட்டேன். சிரித்தார். சிரித்துவிட்டார், இனிப் பயமில்லை என்று நான் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போனேன். பின்னேரம் அவர் மருந்து குடித்துவிட்டார். எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், ஒரு ஆள் சிரிப்பதும் அந்த ஆள் சுகமாக இருப்பதும் இரண்டு விஷயம் என்று. நான் அதை விளங்கிக்கொள்ளாமலே அதே வேலையை மொன்றியலிலும் செய்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன், இங்கத்தைய சென் ஜான் திருநாளுக்கு வாணம் விட்டபோது, எங்கள் வீட்டு பேஸ்மென்டில் நீ போய் இருந்தாய். நான் தட்டில் வடை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, "துவக்குப் பிடிச்ச வீரன் வெடிச் சத்தத்துக்கு ஒளிச்சிருக்கிறார்" என்றேன். நீ வடையை வாங்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி சொன்னாய். "அப்பா, அங்கை நான் காம்ப் வாசலிலை நிண்டு ஆக்களைச் சோதிக்கிறனான். ஒரு நாள் ஒரு ஆள் சைக்கிளிலை வந்தவர். நான் நில் எண்டு கத்தினன். அவருக்கு என்ரை பாசை..."

"சைக்கிளுக்குப் பெல் இருந்ததோ?" என்று நான் கேட்டேன்.

நீ சிரித்தாய். இரண்டு பேரும் மேலே வந்து சாப்பிட்டோம். அந்தக் கதையை அதற்குப் பிறகு நீ எடுக்கவில்லை.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இப்போது சொல்கிறேன். அந்தச் சைக்கிளில் வந்தவன் நான், தம்பி. ஊரில் சென்ரியைக் கண்டால் தூரத்திலேயே இறங்கி, தொப்பியைக் கழற்றி, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு மற்றக் கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும். எங்களுக்குத் தெரியாத பாசையில் ஒருவன் கத்துவான். நில் என்கிறானா, வா என்கிறானா என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பில்தான் உயிரோடு வந்தேன். துவக்கு வைத்திருந்த அந்த முகத்தை நான் ஒரு வாழ்க்கை முழுக்க வெறுத்து வைத்திருந்தேன். நீ கதையை முடித்தால் அந்த முகத்தில் உன் முகத்தைப் பொருத்த வேண்டி வருமே என்று பயந்துவிட்டேன். ஆகவே ஒரு பகிடியால் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவைத்தான் இப்போது காளானைக் கொண்டு திறக்கப் பார்க்கிறாய். உன் மருந்தில் எனக்கு எவ்வளவு சந்தேகமோ, அதைவிடக் கூடின சந்தேகம் இப்போது என் பகிடியில் வந்திருக்கிறது.

சரி, கூட வந்து உன்னைப் பொறுப்பெடுக்கிறவர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். தமிழில்தான் வைத்திருக்கிறேன், விளங்காவிட்டால் அவர்கள் ஆள் பிடித்து வாசிக்கட்டும். உறவு என்ற இடத்தில் ஜினெத்திடம் கேட்டு "தகப்பன்" என்று பிரெஞ்சில் எழுதினேன், எழுத்துப் பிழை இருந்தால் அவளுடையது. அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதேங்கோ என்றாய்தான், ஆனால் ஏப்ரனோடு நான் வீட்டுக்கு வந்த கோலத்துக்கு வேறு என்ன பொய் சொல்ல? ஒரு மூச்சு அழுதுவிட்டு, "அவனுக்கு அண்டைக்குக் காலமை வெறும் வயிறோ, சாப்பிடலாமோ எண்டு கேளுங்கோ" என்றாள்.

நான் நம்பி வரவில்லை என்பதை எழுதி வைத்துக்கொள். சந்தேகப்பட்டுத்தான் வருகிறேன். சந்தேகப்படுகிற ஒருவன் அந்த ஓடையில் இருக்க வேண்டும். ஐந்து மணித்தியாலமோ ஆறு மணித்தியாலமோ, அந்தக் கதிரையில் இருந்து, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்ப்பேன். முடிந்ததும் காரில் ஏற்றுவேன். நீ கதைக்காமல் இருந்தால் நானும் கதைக்க மாட்டேன், இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவைக் கேட்டுப் பார். நீ சைக்கிளில் வந்தவரைப் பற்றித் தொடங்கினால் பாலத்தைத் தாண்ட மாட்டேன். கதை முடியும்வரை ரொக்ஸ்பரோவைச் சுற்றிச் சுற்றி ஓடுவேன். முடிவு என்னவாக இருந்தாலும் கேட்பேன். அந்த மனுசனுக்காகவும் கேட்பேன், உனக்காகவும் கேட்பேன்.

மலர் அச்சாகி வரும்போது அந்த வியாழன் கடந்திருக்கும். என்ன நடந்தது என்று வாசிக்கிறவர்கள் என்னைக் கோவிலில் கேட்கலாம், இனி நான் பொய் சொல்ல மாட்டேன். உனக்கு மட்டும் இந்தக் கடிதம் முன்கூட்டியே வருகிறது, புதன்கிழமைக்கிடையில் எழுத்துக் கூட்டி முடி. ஒன்றே ஒன்று மட்டும் மனப்பாடம் செய்துகொள்: மருந்து எடுக்கப் போறன். குடிக்க இல்லை, எடுக்க.

வியாழக்கிழமை விடிய ஏழு மணிக்கு உன் வாசலில் நிற்பேன். கதவை உடைக்க மாட்டேன். பெல்லும் அடிக்க மாட்டேன். நீயாகத் திறந்து வா.

அப்பா